ஏழாம் நம்பர் படகின் அடிப்பாகம்

படகுத்துறைப் பொறுப்புக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் மதுரை கோச்சடையில் என் வீட்டுக்கு வந்தால், காபி ஆறுவதற்குள் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். "அண்ணே, படகுக்கு அடியில பெயின்ட்ட நம்ம ஆளுகள வச்சே அடிச்சுக்கிறலாமா, இல்ல தொழில் தெரிஞ்ச ஆள வெளிய இருந்து கூட்டியாரணுமா?" கேட்கிற தோரணையிலேயே அவர்களுக்கு எந்தப் பதில் வேண்டும் என்று தெரிந்துவிடும். முதலாளி செலவைக் குறைக்கச் சொல்லியிருந்தால் முதல் பாதியை அழுத்திக் கேட்பார்கள். படகோட்டிகளோடு மனஸ்தாபம் என்றால் இரண்டாவது பாதியை.

நான் ஒரே வரியில் பதில் சொல்வதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு ஒரு ஆள்தான் ஞாபகத்துக்கு வருகிறார். வருகிறவர்களிடம் அரையும் குறையுமாகச் சொல்லி அனுப்புவதைவிட ஒரு தடவை முழுசாக எழுதி வைத்துவிடலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். சந்தோஷமான சங்கதி இல்லை. காலையில் படித்துவிடுங்கள்.

நான் டிக்கெட் கிழிக்கிற வேலையில் சேர்ந்து, பிறகு துறைப் பொறுப்பாளராக ஆனவன். படகைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை. படகோட்டிகள் பேசுவதைக் கேட்டேன், ஏற வந்தவர்கள் பேசுவதைக் கேட்டேன். சம்பளம் போக எனக்குக் கிடைத்த கிம்பளம் அந்தப் பேச்சுதான். ஒருவர் சொன்ன வார்த்தை நன்றாக இருந்தால் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிப் பார்ப்பேன். அவள் சிரித்தால் அது எனக்கு மறக்காது.

எங்கள் படகுத்துறை மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி பஸ் போகிற ரோட்டை ஒட்டிய ஒரு கண்மாயில் இருந்தது. நம் பக்கத்துக் கண்மாயைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கார்த்திகை, மார்கழியில் கடல் மாதிரி கிடக்கும். சித்திரை தாண்டினால் மண் வெடித்து, ஆடு மேயும். மறுபடி மழை வந்து, கால்வாயில் தண்ணீர் திறந்து, கண்மாய் நிரம்புகிற வரைக்கும் எங்கள் பைபர் படகுகளைக் கரையில் புளியமரத்தடியில் வரிசையாகக் கவிழ்த்துப் போட்டிருப்போம். ஆகவே வருஷத்தில் பாதி நாள் ஊர் பார்ப்பது படகின் வயிற்றைத்தான். பஸ்ஸில் போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

இதனால் நமக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. நாம் அடிப்பாகத்துக்குப் பெயின்ட் அடித்தது பஸ்ஸில் போகிறவனுக்காக. தண்ணீரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. எந்த நிறம் என்பதில் ஒவ்வொரு கோடையும் பெரிய விவாதம் நடக்கும். எந்த இரண்டு நிறத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் அது ஒரு கட்சிக்கொடி ஆகிவிடும். ஒரு வருஷம் அப்படித் தெரியாமல் அடித்துவிட்டோம், எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் வந்து மரத்தடியில் உட்கார்ந்து, "நீங்க என்ன கூட்டணியில சேந்துட்டீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு மத்தியானமே மேலே வேறு நிறம் ஏறியது. பழசைச் சுரண்டுகிற பேச்சே கிடையாது. பொங்கலுக்கு வீட்டுச் சுவரில் வெள்ளை அடிக்கிற மாதிரி, இருப்பதன்மேல் இன்னொன்று.

அடித்தது யார்? படகோட்டிகளேதான். அதற்கு ஒரு காரணம் இருந்தது, கவனித்துக்கொள்ளுங்கள். கண்மாய் வறண்டால் அவர்களுக்கு ஓட்டுக்கூலி இல்லை. கோடையில் படகைக் கழுவி, கீறலை அடைக்கப் பட்டி போட்டு, பெயின்ட் அடிக்கிற அந்த வேலைதான் அவர்களை ஊர் மாறிப் போகாமல் பிடித்து வைத்திருந்தது. இன்னொரு வழக்கமும் இருந்தது. எங்கள் துறையில் ஒரு படகுக்கு ஒரு ஆள். சேரும்போதே நம்பர் கொடுத்துவிடுவோம். படகு போனால் ஆளும் போக வேண்டியதுதான். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும், அவ்வளவே.

ஏழாம் நம்பர் படகு தவசியுடையது.

தவசி என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வருவார். பேச்சு குறைவு. பேசினால் அதில் சுருக்கென்று ஒரு குத்தல் இருக்கும். ஏழாம் நம்பர் மேல் அவருக்கு இருந்த பிடிவாதம் துறையில் எல்லாருக்கும் வேடிக்கை. கோடையில் அந்தப் படகுக்குப் பெயின்ட் அடிக்கிற நாளில் பக்கத்தில் யாரையும் விட மாட்டார். தண்ணீர் வந்த பிறகு அவர் லீவு போட்டால்கூட, "ஏழ கட்டிப் போடுங்க, யாரும் எடுக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். கடைசியாக வேலைக்குச் சேர்ந்த குமரேசன் என்கிற பையன் வாயாடி. அவன் எல்லார் முன்னாலும் கேட்டான்.

"என்ன மாமா, ஏழாம் நம்பர் உனக்குச் சின்ன வீடா? கிட்டப் போனாலே கடிக்கிற."

"ஆமா மாப்ள," என்றார் தவசி. "அதான் வெளியாளு கூட அனுப்புறதில்ல."

அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். நான் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்ல, அவளும் சிரித்தாள்.

வேறு சில விஷயங்களும் கண்ணில் பட்டன. குழந்தை குட்டியோடு வருகிற குடும்பங்களைத் தவசி ஏற்ற மாட்டார். பக்கத்துப் படகைக் கைகாட்டி விடுவார். அவர் ஏற்றுவது பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள், அதுவும் இரண்டே பேர், நீச்சல் தெரியுமா என்று கேட்டுவிட்டு. நடுக்கண்மாய்க்குப் போகவே மாட்டார். கரையோரமாக ஒரு சுற்று, அவ்வளவுதான். இதனால் அவர்மேல் புகாரும் வந்தது. காசு கொடுத்து ஏறினோம், கரையிலேயே உரசிக்கொண்டு போகிறார் என்று. படகுக்குள் இடது காலுக்கடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டிருப்பார். குதிகாலில் வெடிப்பு என்று சொல்வார். ஒவ்வொரு சுற்று முடிந்து இறங்கும்போதும் அந்தத் துண்டை எடுத்துப் பிழிந்து, உதறி, மறுபடி மடித்து வைப்பார். வெயிலில் துடுப்புப் போடுகிற மனுஷன், வியர்வை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். வியர்வை குதிகாலில் எப்படி அவ்வளவு வரும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அப்புறம்தான் வேறு ஏதோ மாவட்டத்தில் ஒரு படகு கவிழ்ந்த செய்தி டிவியில் வந்தது. எங்கள் முதலாளி மதுரை சிம்மக்கல்லில் மொத்த வியாபாரக் கடை வைத்திருந்தவர். கண்மாயைக் குத்தகைக்கு எடுத்து, ஆசைப்பட்டுப் படகு விட்டவர். கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையிலேயே வந்து நின்றார். இந்தக் கோடையில் நம் ஆட்கள் பெயின்ட் அடிக்க வேண்டாம், கடற்கரையிலிருந்து தொழில்காரரைக் கூட்டி வருவோம், பழசையெல்லாம் சுரண்டிவிட்டு முறையாகச் செய்யட்டும் என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. இன்றைக்குக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன்.

படகோட்டிகள் முகம் தொங்கிவிட்டது. கோடைக்கூலி போச்சு. குமரேசன் மட்டும், தொழில்காரருக்குக் கையாளாக யாரையாவது வைத்துக்கொள்வார்களா என்று கேட்டான். மற்றவர்கள் பீடியைப் பற்ற வைத்தார்கள்.

மறுநாள் காலை டீக்கடையில் தவசி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, மத்த படகெல்லாம் அந்த ஆளு பாக்கட்டும். ஏழ மட்டும் எங்கிட்ட விட்ருங்க."

"அதெப்படிப்பா, ஒண்ண மட்டும் விடுறது?"

"கூலி வேணாம்ணே. பெயின்ட்டும் நானே வாங்கிக்கிறேன்."

அந்தப் படகின்மேல் மனுஷனுக்கு இவ்வளவு பாசமா என்று எனக்கு நெகிழ்ந்துபோயிற்று. முதலாளியிடம் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லித் தோளில் தட்டி அனுப்பினேன். பேசியும் பார்த்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தம்பிகளா, இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கூலிக்காகத்தான் ஒருவர் மல்லுக்கு நிற்கிறார் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, அவரே கூலி வேண்டாம் என்று சொன்னால், அங்கே நெகிழக் கூடாது. எழுந்து போய்ப் படகைப் பார்க்க வேண்டும்.

கடற்கரை ஆள் மண்டபம் என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தார். பெயரைக் கேட்டதற்கு, மேஸ்திரி என்றே கூப்பிடுங்கள் என்றார். அப்படியே கூப்பிட்டோம், கடைசிவரை பெயர் தெரியாது. வந்ததும் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்த எங்கள் படகுகளை ஒரு நடை சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சுரண்டியால் ஒரு ஓரத்தில் கிளப்பினார். தோல் மாதிரி பெயின்ட் உரிந்து வந்தது. உள்ளே பச்சை, மஞ்சள், நீலம், சிவப்பு என்று எங்கள் கோடைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன.

"எங்க ஊர்ல அடிய மீன் மட்டும்தான் பாக்கும்," என்றார். "அதனால தண்ணி உள்ள வராம இருக்கணும்னு அடிப்போம். உங்க ஊர்ல ரோட்டுல போறவன்லாம் பாக்குறான். அதான் கல்யாணப் பொண்ணுக்குப் பவுடர் போட்ட மாதிரி போட்டு வச்சிருக்கீங்க."

இதைவிட நல்லபடி யாரும் எங்களைத் திட்டியதில்லை. அன்றைக்கு இதை வீட்டில் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. "அப்ப இம்புட்டு நாளும் அந்தப் பவுடர நம்பியா பிள்ளைகள ஏத்துனீங்க?" என்று கேட்டாள்.

மேஸ்திரி வேலை செய்கிற விதத்தைச் சொல்ல இது இடமில்லை. அது உங்களுக்குப் பழகினால் வரும். ஒன்று மட்டும் சொல்கிறேன். சுரண்டுவதற்கு முன்னால் அவர் ஒவ்வொரு படகையும் சுரண்டியின் மரப்பிடியால் தட்டிக்கொண்டே வருவார். டொக் டொக் என்று ஒரே மாதிரிச் சத்தம் வரும். வரிசையாகத் தட்டிக்கொண்டு ஏழாம் நம்பருக்கு வந்தார். நடுவில் ஒரு இடத்தில் சத்தம் மாறியது. தலையணையைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். மறுபடி தட்டினார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

அன்றைக்கு முதலாளியும் வந்திருந்தார். படகோட்டிகள் வேலை இல்லாவிட்டாலும் வேடிக்கை பார்க்க மரத்தடியில் இருந்தார்கள். தவசியும் இருந்தார், எல்லாருக்கும் பின்னால், மரத்தில் சாய்ந்துகொண்டு.

மேஸ்திரி சுரண்ட ஆரம்பித்தார். பெயின்ட்டுக்குக் கீழே லாரிக்குப் போடுகிற பட்டி. பட்டிக்குக் கீழே, சைக்கிள் டியூபை வெட்டிப் பஞ்சருக்கு ஒட்டுகிற மாதிரி ஒட்டிய ரப்பர். அந்த ரப்பரை உரித்ததும் தெரிந்தது. படகின் நடுவில், ஓட்டுகிறவர் கால் வைக்கிற இடத்துக்கு நேர் கீழே, ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. மேஸ்திரி கட்டை விரலால் அழுத்தினார். அந்த இடம் உள்ளே போய் வந்தது.

"இத பைபர் தாங்கல," என்றார். "பெயின்ட்தான் புடிச்சு வச்சிருக்கு."

முதலாளி இந்தப் படகுக்கு யார் வேலை பார்த்தது என்று கேட்டார். எல்லாரும் மரத்தடியைத் திரும்பிப் பார்த்தார்கள். தவசி மரத்தை விட்டு முன்னால் வந்தார்.

அவர் எதையும் மறுக்கவில்லை. முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் தண்ணீர் வற்றுகிற நேரத்தில் மடைக்கல்லில் படகு இடித்துவிட்டது என்றார். அன்றைக்கே கசிய ஆரம்பித்தது. சொல்லலாம் என்று துறை அலுவலகம் வரைக்கும் வந்தாராம். அங்கே குமரேசனை வேலைக்குச் சேர்த்து, இன்ன படகு உன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தோமாம். படகு போனால் ஆள் போக வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அப்படியே திரும்பிப் போய்விட்டார். அந்த வயதில் வேறு எங்கே போய்த் துடுப்புப் போடுவது? வீட்டில் கல்யாணத்துக்கு நின்ற மகள் இருந்தாள். அந்தக் கோடையிலேயே தன் கையால் டியூபை ஒட்டி, பட்டி போட்டு, மேலே பெயின்ட் அடித்துவிட்டார். அதற்கப்புறம் அந்தப் படகை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை.

"பிள்ளைகள ஏத்துனதில்லண்ணே," என்றார் என்னைப் பார்த்து. "ஆழத்துக்கும் கொண்டு போனதில்ல. கால வச்சுப் பாத்துக்கிட்டேதான் இருப்பேன். துண்டு நனையிற வேகம் கூடுச்சுன்னா உடனே கரைக்கு வந்துருவேன்."

அந்தத் துண்டு எங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. குமரேசன் தலையைக் குனிந்துகொண்டான்.

முதலாளிக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் நடுக்கம். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, தவசி நம்ம ஆளு. ஒண்ணும் நடக்கல. நாலு வார்த்த திட்டிப்புட்டு விட்ருவோமா? நீங்க என்ன சொல்றீக?"

பொறுப்பு என்பது இந்த மாதிரி நேரத்துக்குத்தான். மற்ற நாளெல்லாம் சும்மா சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு திரிவதுதான். அந்தச் சில நிமிஷத்தில் நான் யோசித்ததை அப்படியே சொல்கிறேன். மன்னித்து விட்டால், மறைத்தால் பரவாயில்லை என்று மற்றவர்கள் படிப்பார்கள். அனுப்பிவிட்டால், இன்னும் கெட்டியாக மறைக்க வேண்டும் என்று படிப்பார்கள். இரண்டுமே கெட்ட பாடம். தவசி கவனமாக இருந்தார், உண்மை. ஆனால் ஏறின கல்லூரிப் பையன்களுக்குக் காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நீச்சல் தெரியுமா என்று அவர் கேட்டதை அவர்கள் ஏதோ கேலி என்று நினைத்துச் சிரித்திருப்பார்கள். ஒருத்தர் தன் உயிரைப் பணயம் வைக்கலாம். ஏறுகிறவனைக் கேட்காமல் அவன் உயிரை வைக்க முடியாது.

தவசி இனிமேல் தண்ணீரில் வேண்டாம் என்று சொன்னேன். கரையில் ஒரு வேலை கொடுங்கள், லைஃப் ஜாக்கெட் மாட்டி விடுகிற இடத்தில் நிறுத்துங்கள், அவரைவிட அக்கறையாக யாரும் மாட்ட மாட்டார்கள் என்றும் சொன்னேன். முதலாளி முதல் பாதியை ஏற்றுக்கொண்டார். இரண்டாவது பாதிக்கு, "பாப்போம்ணே" என்றார். நம் ஊரில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

நான்தான் போய்ச் சொன்னேன். தவசி கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். எனக்கு எதிராக ஒரு வார்த்தை வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் நேராக ஏழாம் நம்பரிடம் போனார். மேஸ்திரி வெடிப்பின் இரண்டு முனையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, அதுவரைக்கும் அறுத்து எடுக்கத் தயாராக இருந்தார். தவசி குனிந்து, முன்பக்கம், கோட்டுக்கு வெளியே விரலை வைத்தார்.

"இன்னும் ஒரு சாண் போகுதுங்க. மேல தெரியாது. காலுக்குத் தெரியும்."

மேஸ்திரி அவரை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் அந்த இடத்தையும் சுரண்டினார். அங்கேயும் இருந்தது, மயிரிழை மாதிரி. சாக்பீஸ் கோட்டை அழித்துத் தள்ளிப் போட்டார். தவசி மரத்தடியில் இருந்த தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

உங்கள் கேள்விக்குப் பதில் அந்த இடத்தில்தான் இருக்கிறது. தொழில்காரரைக் கூட்டி வாருங்கள். நாம் பூசி மறைத்ததைச் சுரண்டிக் காட்ட நம் கைக்கு மனசு வராது, வெளியாள் கைக்குத்தான் வரும். ஆனால் அவர் சுரண்டுகிறபோது அந்தப் படகை ஓட்டுகிற ஆளும் பக்கத்தில் இருக்கட்டும். வெடிப்பு எது வரைக்கும் போகிறது என்று அவருக்குத்தான் தெரியும். இது சுலபமான பாதி. கஷ்டமான பாதி இன்னொன்று. சுரண்டியை எடுப்பதற்கு முன்னாலேயே, எது தெரிந்தாலும் படகுக்காரனுக்கு வேலை போகாது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும். அடுத்த கோடையில் நான் முதலாளியோடு சண்டை பிடித்து, அதை அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். சொல்லி முடித்த அரை மணி நேரத்தில் இரண்டு பேர் என்னிடம் வந்து, அண்ணே எங்க படகுல ஒரு சமாச்சாரம் இருக்கு என்று இழுத்தார்கள். அந்த வருஷத் தண்ணீரில் பட்ட அடிகள். ஒன்று சின்னது. இன்னொன்று அவ்வளவு சின்னது இல்லை. அந்த வார்த்தையை ஒரு வருஷம் முன்னால் சொல்லியிருந்தால் தவசி டீக்கடையில் வேறு மாதிரிப் பேசியிருப்பார். இதை வைத்துக்கொண்டு இப்போது நான் என்ன செய்வது? உங்களிடம் சொல்லலாம், அவ்வளவுதான்.

தவசியின் கதையை முடித்துவிடுகிறேன்.

மேஸ்திரி ஏழாம் நம்பரை அறுத்து, உள்ளும் புறமும் புதிதாகப் பைபர் போட்டு இறுக்கி, முறையான பெயின்ட் அடித்துவிட்டுப் போனார். பார்க்க ஒன்றும் அழகாக இல்லை. சாம்பல் மாதிரி ஒரு நிறம். ஆனால் தட்டினால் எல்லா இடத்திலும் ஒரே சத்தம். அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. கண்மாய் நிரம்பியது. ஏழாம் நம்பரைக் குமரேசனுக்குக் கொடுத்தோம். அவனுடைய பழைய படகைச் சுரண்டிப் பார்த்ததில் அது தேறாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். படகு போனது, ஆனால் ஆள் தங்கிவிட்டான். காலியாக இருந்த இடத்தில் அவன் உட்கார்ந்தான், அதனால்தான் தங்கினான். அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. அதற்குப் பிறகு அவன் வாயும் கொஞ்சம் அடங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தவசி வர ஆரம்பித்தார். உசிலம்பட்டி பஸ்ஸிலிருந்து இறங்கி, துறைக்குள் வராமல், கண்மாய்க் கரையில் நிற்பார். தோளில் அதே துண்டு. ஏழாம் நம்பர் புறப்பட்டால் அது திரும்பி வருகிற வரைக்கும் கண் அதன்மேலேயே இருக்கும். சின்னப் பிள்ளைகள் ஏறினால் கரையில் அதன் கூடவே நடப்பார். ஒரு வாரம் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். படகு சரியாகிவிட்டது, மேஸ்திரி நன்றாகச் செய்திருக்கிறார் என்று எடுத்துச் சொன்னேன். சரிண்ணே, சரிண்ணே என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்து நின்றார்.

பார்க்கச் சகிக்கவில்லை. கூட்டம் குறைந்த ஒரு சாயங்காலம் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, ஏழாம் நம்பரில் என்னோடு உட்கார வைத்தேன். குமரேசன் துடுப்பை எடுத்தான். தவசி லைஃப் ஜாக்கெட்டைத் தானே இழுத்து மாட்டிக்கொண்டார். எனக்கும் வாரைச் சரிபார்த்தார். கரையோரமாகவே குமரேசன் படகைத் திருப்பினான். பழைய பழக்கம், தவசி மாமா போகிற வழி என்று நினைத்திருப்பான்.

"நடுவுல போ மாப்ள," என்றார் தவசி.

குமரேசன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

நடுக்கண்மாயில் காற்று இருந்தது. மேற்கே மலை கறுத்துக்கொண்டு வந்தது. அத்தனை வருஷம் ஓட்டிய படகில், வெடிப்பு விட்ட பிறகு அவர் வந்திராத இடம் அது. செருப்பைக் கழற்றினார். குமரேசனிடம் காலை நகர்த்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, இடது குதிகாலை அந்த இடத்தில் வைத்து அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு சாண் தள்ளி முன்னால் வைத்து அங்கேயும் அழுத்தினார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார்.

"காஞ்சு கெடக்குண்ணே," என்றார்.

குரலில் சந்தோஷம் இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு வீட்டில் ரொம்ப நாள் படுக்கையில் கிடந்தவரைப் பார்த்துக்கொண்ட ஆள், அவர் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு, ராத்திரி என்ன செய்வது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருப்பார் இல்லையா, அந்த மாதிரி இருந்தது முகம்.

அதற்கப்புறம் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேனாகப் போய்விட்டதாக, அவர் ஊர் வழியாக வருகிற பஸ் கண்டக்டர்தான் சொன்னார். கரை வேலைக்கு முதலாளி சரி என்று சொன்னபோது அவர் போய் ரொம்ப நாள் ஆகியிருந்தது. சொல்லி அனுப்பினோம். பதில் இல்லை.

ஏழாம் நம்பரில் நடுக்கண்மாய்க்குப் போய் வந்த அந்தச் சாயங்காலம், துறைக்குத் திரும்பியதும் தவசி முதலில் இறங்கினார். படகின் ஓரத்தைப் பிடித்து நான் இறங்க உதவினார். பிறகு, எத்தனையோ தடவை செய்த மாதிரி, தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தார். ஒரு சொட்டு வரவில்லை. கையை ஒரு நிமிஷம் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.